மத்தெர்னெல் போகும் முன்: மழலைக்கு விளையாட்டாகப் பிரெஞ்சுச் சொற்கள்

பிரான்சில் ஒரு பிள்ளை மூன்று வயதை எட்டும் ஆண்டின் செப்டம்பரில் மத்தெர்னெல் எனப்படும் மழலையர் பள்ளி தொடங்கிவிடுகிறது. 2019 முதல் மூன்று வயதிலிருந்தே கல்வி அங்கே கட்டாயமாகவும் ஆகிவிட்டது. பாரிஸின் புறநகர்களான லா கூர்னெவிலோ சார்செல்லிலோ தமிழ் மட்டுமே ஒலிக்கும் வீட்டில் வளர்ந்து, க்ரெஷ் என்ற காப்பகத்துக்கும் போகாத பிள்ளைக்கு, அந்தச் செப்டம்பர் காலையில்தான் பிரெஞ்சோடு முதல் நெருக்கம் ஏற்படுகிறது. பள்ளியில் சேர்வதற்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. வேற்றுமொழி பேசும் பிள்ளைகள் அங்குள்ள ஆசிரியைகளுக்குப் புதியவர்களும் அல்லர். ஆனாலும் தண்ணீர் கேட்கவும், சிறுநீர் வருகிறது என்று சொல்லவும், தன் பொம்மை எங்கே என்று விசாரிக்கவும் சில சொற்கள் கைவசம் இருந்தால் முதல் வாரங்களின் தவிப்பு குறையும். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, தனியாகப் பாடம் எதுவும் நடத்தாமல், அன்றாட விளையாட்டிலேயே அந்தச் சொற்களை எப்படிச் சேர்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றே 'p', 'b' என்ற இரண்டு ஒலிகளுக்கும் நிற்கிறது. 'த', 'க' ஆகியவையும் அப்படியே. பிரெஞ்சிலோ அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். பரிசு என்று பொருள்படும் 'கதோ' வல்லொலியில் தொடங்குகிறது; கேக் என்று பொருள்படும் 'கத்தோ' மெல்லிய, குரல் சேர்ந்த ஒலியில் தொடங்குகிறது. ஆகவே இங்கே தமிழில் எழுதப்பட்டுள்ள பிரெஞ்சுச் சொற்களை நினைவுக் குறிப்பாக மட்டும் கொண்டு, ஒவ்வொன்றையும் இணைய அகராதியின் ஒலிப்பதிவிலோ பிரெஞ்சு பேசும் அயலவரிடமோ ஒருமுறை காதால் கேட்டுவிட்டுப் பிள்ளையிடம் பயன்படுத்துவது நல்லது.

எந்தச் சொற்கள் முதலில்

கடைகளில் விற்கும் படச்சுவரொட்டிகள் ஆப்பிள், யானை, ஒட்டகச்சிவிங்கி என்று தொடங்குகின்றன. மூன்று வயதுப் பிள்ளை பள்ளியில் ஒட்டகச்சிவிங்கியைக் கேட்கப் போவதில்லை. அதற்கு முதலில் வேண்டியவை தேவையைச் சொல்லும் சொற்களும், ஆசிரியை நாள்தோறும் சொல்லும் சொற்களும் ஆகும். தண்ணீருக்கு 'த லோ', சிறுநீருக்கு 'பிப்பி', வலிக்கிறது என்பதற்கு 'ஜெ மால்', உதவி கேட்க 'எத்-முவா', இன்னும் வேண்டும் என்பதற்கு 'ஆங்கோர்', முடிந்தது என்பதற்கு 'ஃபினி' ஆகியவை முதல் வரிசையில் வரும். மலத்துக்குப் பிரெஞ்சுக் குழந்தைகள் சொல்வதும் 'கக்கா'தான். நம்மவர் பலருக்கு அதைக் கற்பிக்க வேண்டிய வேலையே இல்லை. அடுத்து வருபவை பள்ளி நாளின் பெயர்கள்: ஆசிரியையான 'மெத்ரெஸ்', மதிய உணவுக்கூடமான 'காந்தீன்', பகல் தூக்கமான 'சியெஸ்த்', மாலைச் சிற்றுண்டியான 'கூத்தே', மேலங்கியான 'மாந்தோ', பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் துணிப்பொம்மையான 'தூதூ'. இந்தக் கடைசிச் சொல்லை அலட்சியம் செய்ய வேண்டாம். மத்தெர்னெலின் முதல் வகுப்பில் பகல் தூக்கத்துக்குத் தூதூ கொண்டுவரச் சொல்வது வழக்கம். நம் வீடுகளில் பிள்ளை அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்குவதால் அப்படி ஒரு பொம்மை இல்லாமலே போய்விடுவது உண்டு. கோடையிலேயே ஒன்றைத் தேர்ந்து, அதை அந்தப் பெயராலேயே அழைத்துப் பழக்கிவிட வேண்டும்.

வாய்க்கு வரும் ஒலிகள்

பிரெஞ்சில் தமிழருக்குக் கடினம் எனப்படும் ஒலிகள் அநேகமாக எல்லாமே விளையாட்டுச் சத்தங்களில் ஒளிந்திருக்கின்றன. இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் சொற்பட்டியலுக்குப் போவது வீண் உழைப்பு என்பது என் கருத்து. பொம்மைக் கார் ஒலிப்பான் அடிப்பது பிரெஞ்சில் 'துத்-துத்'. அதில் வரும் உயிரொலி தமிழ் 'உ' அன்று. நாக்கை 'இ' சொல்லும் நிலையில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'உ' போலக் குவித்தால் பிறக்கும் ஒலி. பேசாதே என்று சைகை செய்து சொல்லும் 'ஷுத்' என்பதிலும் அதே ஒலிதான் இருக்கிறது. உருமும் கரடியின் 'க்ர்ர்ர்', விரையும் காரின் 'வ்ரூம்' ஆகியவற்றில் தொண்டையில் பிறக்கும் 'ர' பழகிவிடும். தேனீயின் 'ப்ஸ்ஸ்' என்ற ரீங்காரத்தில் குரல் சேர்ந்த 'ஸ' வரும். தண்ணீரில் பொருள் விழும் 'ப்லூஃப்' என்ற சத்தத்தில் 'ஃப' வரும். பிடிக்காத உணவைத் தள்ளும் 'பெர்க்' என்பதில் 'எ'யும் 'ஒ'வும் கலந்த உயிரொலி வரும்.

மூக்கொலிகள் மூன்றும் இன்னும் எளிதானவை. வாத்து 'குவேன்-குவேன்' என்கிறது, கழுதை 'இ-ஆன்' என்கிறது, தீயணைப்பு வண்டி 'பேன்-போன்' என்று கூவிக்கொண்டு போகிறது. இவற்றின் இறுதி 'ன்'னை நாக்கால் முடிக்கக் கூடாது. உயிரொலியை மூக்கு வழியே விட்டுவிட வேண்டும். இது தமிழருக்கு அந்நியமானது அன்று. எழுத்தில் 'வந்தான்', 'வந்தோம்', 'வந்தேன்' என்று முடிப்பவற்றை விரைவான பேச்சில் நம்மில் பலர் எப்படி முடிக்கிறோம் என்று கவனித்தால், நாக்கு மேலே தொடாமல் மூக்கொலியோடு நின்றுவிடுவது தெரியும். பிரெஞ்சு கேட்கும் மூன்று மூக்கொலிகளும் ஏறத்தாழ அவையே. இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. பிரெஞ்சின் 't', 'd' எழுத்துகளுக்குரிய ஒலிகள் பல்லைத் தொட்டுப் பிறப்பவை. அதாவது நம் 'த'வுக்கு நெருக்கமானவை. ஆங்கிலப் பழக்கத்தால் மேசையை 'டாப்ல்' என்று சொல்லாமல் 'தாப்ல்' என்று சொன்னாலே உச்சரிப்பு பாதி திருந்திவிடும்.

இரண்டு வயதுப் பிள்ளையிடம் இவற்றில் எதையும் விளக்க வேண்டியதில்லை. தீயணைப்பு வண்டியைத் தரையில் உருட்டிக்கொண்டு கூவினால் போதும், அதுவும் கூவும். விளக்கம் பெற்றோருக்கு மட்டுமே உரியது.

உடுத்தும் நேரம்

குளிர்நாட்டில் வெளியே கிளம்புவதற்கே ஒரு கால் மணி நேரம் போகிறது. தொல்லையாகத் தோன்றும் அந்த நேரமே சொல் கற்பிக்க மிகவும் வளமானது. ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அதே பொருள்கள், அதே வரிசையில், அதே செயல்களோடு வருகின்றன. மேலங்கியின் கைக்குள் பிள்ளையின் கையை நுழைக்கும்போது, கை மறைந்திருக்கும் நொடியில் 'ஊ எ லா மேன்?' என்று தேட வேண்டும். விரல்கள் வெளியே எட்டிப் பார்த்ததும் 'லா வுவாலா!' என்று வியக்க வேண்டும். காலுறைக்குள் போன பாதத்துக்கு 'ஊ எ லெ பியே?' என்று கேட்டு, 'லெ வுவாலா!' என்று முடிக்க வேண்டும். கை பெண்பால் என்பதால் 'லா', பாதம் ஆண்பால் என்பதால் 'லெ'. இலக்கணம் எதுவும் சொல்லாமலே பால் வேறுபாடு காதில் ஏறிவிடுகிறது. இந்த ஒரு விளையாட்டிலேயே தொப்பிக்குள் மறையும் தலையும், கழுத்துப்பட்டைக்குப் பின்னால் ஒளியும் வாயும் முறை வைத்து வரலாம்.

மத்தெர்னெலில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஓர் உத்தியை வீட்டிலேயே பழக்குவதும் பயன் தரும். மேலங்கியை உட்புறம் மேலே தெரியுமாறு தரையில் விரித்து, கழுத்துப் பகுதி பிள்ளையின் காலடியில் இருக்கும்படி வைக்க வேண்டும். பிள்ளை குனிந்து இரண்டு கைகளையும் நுழைத்து, 'அன், தெ, த்ருவா, ஓப்!' என்ற எண்ணிக்கையோடு தலைக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டால் அங்கி சரியாக விழும். எண்ணும் சொற்களும் வந்துவிடுகின்றன. தானாக உடுத்தும் திறனும் வந்துவிடுகிறது. முதல் வகுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அங்கி மாட்டிவிடும் ஆசிரியைக்கு எதில் மகிழ்ச்சி அதிகம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சொப்புச் சமையலும் உண்மைச் சாப்பாடும்

சொப்பு வைத்துச் சமைக்கும் விளையாட்டுக்குப் பிரெஞ்சுக் குழந்தைகளிடையே 'தினெத்' என்று பெயர். மத்தெர்னெல் வகுப்பறையில் அதற்கென ஒரு மூலையே ஒதுக்கப்பட்டிருக்கும். ஆகவே வீட்டில் அதை ஆடிய பிள்ளைக்கு அங்கே உடனே ஒரு பழகிய இடம் கிடைக்கும். ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கோப்பை, பசித்த பொம்மை ஒன்று ஆகியவை போதும். தட்டை நீட்டி 'தியேன்' என்று கொடுக்கவும், வாங்கும்போது 'மெர்சி' சொல்லவும், 'ஆங்கோர்?' என்று கேட்டு மீண்டும் பரிமாறவும், சூடு என்று ஊதி 'சே ஷோ' சொல்லவும், பொம்மை வாயைத் துடைத்து 'ஃபினி' என்று முடிக்கவும் ஐந்தே சொற்கள் தேவைப்படுகின்றன. இந்த ஐந்தையே வாரக்கணக்கில் ஆடலாம். பெரியவர்களுக்குத்தான் அது சலிக்கும். இரண்டு வயதுக்காரருக்கு மாறாத வரிசையே இன்பம். சொல் வேரூன்றுவதும் அந்த மாறாமையால்தான்.

பெயர்ச்சொற்களைச் சேர்க்கும்போது ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: முன்னால் வரும் 'லெ', 'லா', 'அன்', 'யுன்' என்பவற்றை வெட்டிவிட்டுச் சொல்லைத் தனியாகச் சொல்லக் கூடாது. ஆப்பிளை 'பொம்' என்று சொல்லாமல் 'லா பொம்' என்றும், பாலை 'லெ லே' என்றும் எப்போதும் சேர்த்தே சொல்ல வேண்டும். எது ஆண்பால், எது பெண்பால் என்பதைப் பின்னாளில் பொருளை வைத்து ஊகிக்க முடியாது. காதில் ஒட்டிக்கொண்ட சேர்க்கையே துணை. சொற்கள் ஒன்றோடொன்று புணரும் இடங்களில் பிள்ளை 'கரடி' என்பதற்கு 'நூர்ஸ்' என்று ஒரு 'ந'வைச் சேர்த்துச் சொன்னால் கவலை வேண்டாம். 'அன்' என்பதோடு 'ஊர்ஸ்' சேரும்போது இடையில் தோன்றும் 'ந'வைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வது பிரெஞ்சுத் தாய்மொழிக் குழந்தைகளிடமும் காணப்படும் இயல்பான பிழையே. 'ஆம், லூர்ஸ்!' என்று, 'லெ' சேர்ந்த சரியான வடிவத்தைத் திரும்பச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தால் போதும்.

சொப்புத் தட்டில் இட்லியும் புட்டும் இருந்தால் அவை இட்லியும் புட்டுமாகவே இருக்கட்டும். அவற்றுக்குப் பிரெஞ்சுப் பெயர் தேடுவது வேண்டாத வேலை. உண்மையான மாலைச் சிற்றுண்டியின்போது ரொட்டி, பழக்கூழான 'கொம்பொத்', கேக் ஆகியவற்றின் பெயர்கள் தாமாகவே வந்து சேரும்.

குளியல் தொட்டியில் பெரிதாகத் திட்டமிட எதுவும் இல்லை. வாத்தைத் தண்ணீரில் போட்டு 'ப்லூஃப்' என்று கத்துவதும், கோப்பையை நிரப்பி 'ப்லேன்' என்றும் கவிழ்த்து 'வீத்' என்றும் சொல்வதும், மூக்கு, வயிறு, முழங்கால் என்று சோப்பு போடும் வரிசையில் பெயர் சொல்வதும் போதுமானவை.

பூங்காவும் மணல்தொட்டியும்

வீட்டுக்கு வெளியே பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது முறை வைக்கும் சொற்கள். சறுக்குமரமான 'தொபொகான்' முன் வரிசையில் நிற்கும்போது 'ஆ துவா' என்றால் உன் முறை, 'ஆ முவா' என்றால் என் முறை. இதை முதலில் வீட்டில் பந்து உருட்டி ஆட வேண்டும். எதிரெதிரே காலை விரித்து உட்கார்ந்து, பந்தைத் தள்ளும்போது 'ஆ துவா', வாங்கும்போது 'ஆ முவா' என்று சொன்னால் சொல்லும் செயலும் ஒரே நொடியில் இணைகின்றன. மணல்தொட்டியில் வாளிக்கும் மண்வாரிக்கும் சண்டை மூள்வது நிச்சயம். 'லெ சோ', 'லா பெல்' என்ற இரண்டு பெயர்களும், தா என்று கேட்கும் 'தொன்' என்பதும், இதமாகக் கேட்கும் 'சில் த ப்லே' என்பதும் தெரிந்த பிள்ளை பிடுங்குவதற்கு முன் ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்கும்.

பூங்காவில் முதியவர்கள் பிள்ளையின் வயதைக் கேட்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விரல் எண்ணுவதைக் கட்டைவிரலில் தொடங்குகிறார்கள். இரண்டு என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீளும். 'தெ-ஸான்' என்ற விடையை அந்தச் சைகையோடு பழக்கிவிட்டால் பிள்ளைக்குக் கிடைக்கும் பாராட்டே அடுத்த சொல்லுக்கு ஊக்கமாகும்.

நிறங்களை அவசரமாகக் கற்பிக்கத் தேவையில்லை. கற்பித்தால் 'கொமெத்' எனப்படும் வண்ண ஒட்டு வில்லைகளைத் தாளில் ஒட்டும் விளையாட்டே சிறந்தது. மத்தெர்னெலில் அவை நாள்தோறும் கையில் வரும். சிவப்பு 'ரூஜ்', மஞ்சள் 'ஜோன்', இளஞ்சிவப்பு 'ரோஸ்', நீலம் 'ப்லெ' ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இவை இருபாலுக்கும் காதில் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. பச்சையும் வெள்ளையும் பாலுக்கேற்ப ஒலி மாறுபவை. அவை பொறுத்து வரட்டும்.

தமிழை எங்கே வைப்பது

பிரெஞ்சு வர வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழைக் குறைப்பதே பெற்றோர் செய்யக்கூடிய பெரும் தவறு. வளமாகப் பேசத் தெரிந்த மொழியை விட்டுவிட்டு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் நாள் முழுதும் பேசினால் பிள்ளைக்கு இரண்டுமே மெலிந்த வடிவில்தான் கிடைக்கும். ஆகவே பிரெஞ்சுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வது நல்லது. பழைய காலுறை ஒன்றில் இரண்டு பொத்தான்களைக் கண்ணாகத் தைத்து, அந்தக் கைப்பாவைக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். பாவை பெட்டியிலிருந்து வெளியே வந்து 'கூக்கூ!' என்று அழைத்தால் பிரெஞ்சு விளையாட்டு தொடங்குகிறது. உறங்கப் போனால் வீடு தமிழுக்குத் திரும்புகிறது. பத்து நிமிடம் போதும். பிள்ளை எழுந்து போய்விட்டால் ஐந்து நிமிடமும் போதும். உடுத்துதலும் குளியலும் பாவை இல்லாமலே தமக்குரிய சில சொற்களோடு நடக்கலாம்.

சில விளையாட்டுகளைத் தமிழிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, நண்டு ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் ஆட்டத்தை மொழிபெயர்த்து ஆடுவதில் எந்தச் சுவையும் இல்லை. அம்மம்மாவின் வாயிலிருந்து அது வரும் வடிவமே பிள்ளைக்கு வேண்டியது.

பிரெஞ்சு சரளமாகத் தெரியாத பெற்றோர் தயங்க வேண்டாம். இருபது சொற்களைச் சரியாக ஒலிக்கக் கற்றுக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்ப ஆடுவது, தட்டுத் தடுமாறி நீண்ட வாக்கியங்கள் பேசுவதைவிட மேலானது. மீதியை ஊர் தரும். பாரிஸ் நகராட்சி நூலகங்களில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பல நூலகங்களில் சிறு பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விளையாட்டுப் பொருள்களை அங்கேயே ஆடவும் இரவல் பெறவும் 'லுதொதெக்' எனப்படும் விளையாட்டகங்கள் பல ஊர்களில் உள்ளன. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து வந்து விளையாடும் வரவேற்பு இடங்களும் உண்டு. அவை எங்கே என்பதை நகராட்சி அலுவலகத்தில் கேட்டறியலாம். கைப்பேசியில் ஓடும் காணொளியை இவற்றுக்கு ஈடாக எண்ண வேண்டாம். இந்த வயதில் சொல் ஏறுவது, தான் பார்ப்பதையே பார்த்து, தன் சத்தத்துக்குப் பதில் சத்தம் தரும் ஓர் ஆளிடமிருந்துதான்.

விருந்தினர் முன்னிலையில் 'பிரெஞ்சில் சொல்லிக் காட்டு' என்று பிள்ளையை நிறுத்தி வைப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். வாரக்கணக்கில் ஒரு சொல்லும் திரும்பி வராமல் போகலாம். அந்த மௌனத்தில் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. புரிதல் எப்போதும் பேச்சுக்கு முன்னே போகிறது. 'பாலோன்' எங்கே என்றதும் கண் பந்தின் பக்கம் திரும்பினால், அந்தச் சொல் ஏறிவிட்டது என்றே கொள்ளலாம். பிள்ளையின் சொற்களை எண்ணிப் பார்ப்பவர்கள் தமிழ்ச் சொற்களையும் பிரெஞ்சுச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு வயதை ஒட்டியும் எந்த மொழியிலும் பேச்சு எழவில்லை என்றாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றாலோ, இருமொழிச் சூழலைக் காரணம் காட்டிக் காத்திருக்காமல், தாய்சேய் நல நிலையமான பே.எம்.இ.யிலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டி, முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் அவர்களே பேச்சுப் பயிற்சியாளரான 'ஒர்த்தொஃபொனிஸ்த்'திடம் அனுப்புவார்கள். இருமொழி கேட்டு வளர்வது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. அதை நிறுத்தினால் குறைபாடு தீர்ந்துவிடுவதும் இல்லை.

கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலை பிள்ளைக்குரியது அன்று, பெற்றோருக்குரியது. எவ்வளவு ஆடியிருந்தாலும் பதற்றத்தில் பிள்ளையின் வாயில் முதலில் வருவது தமிழாகவே இருக்கும். ஆகவே தண்ணி, பசிக்குது, வலிக்குது, மூச்சா, பயமா இருக்கு, அம்மா எங்க என்று உங்கள் பிள்ளை உண்மையில் பயன்படுத்தும் சொற்கள் பத்தைப் பிரெஞ்சுக்காரர் படிக்கக்கூடிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, எதிரே பிரெஞ்சுப் பொருளையும் குறித்து, முதல் நாள் காலையிலேயே ஆசிரியையிடமும் வகுப்பு உதவியாளரிடமும் ஆளுக்கொரு படியாகக் கொடுத்துவிடுங்கள்.